க்ளாக் 19ஆ, 26ஆ, சிக் பி365ஆ? தினமும் இடுப்பில் மறைத்து வைக்க எந்த அளவுக் கைத்துப்பாக்கி சரிப்படும்?

கேட்டிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறேன். நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு கேஸ் ஸ்டேஷனும் அதோடு ஒட்டிய கடையும் நடத்துகிறோம். இரவு கடையை அடைத்துவிட்டு அன்றைய பணத்தோடு கார் வரைக்கும் நடப்பது பெரும்பாலும் நான்தான். கிரீன் கார்டு வந்துவிட்டது, துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்வதற்கான டெக்சஸ் எல்டிசி லைசென்ஸுக்கான வகுப்பும் சுடும் தேர்வும் முடிந்து விண்ணப்பமும் போயிருக்கிறது. தேர்வில் வகுப்பு நடத்தியவரின் க்ளாக் 17ஐ வாங்கிச் சுட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது முழு அளவுத் துப்பாக்கி, அதை இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார முடியாது.

சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். 9 எம்எம் என்பதில் சந்தேகம் இல்லை, அளவில்தான் குழப்பம். ஒரு கடையில் "க்ளாக் 19 வாங்குங்கள், வேறு எதையும் பார்க்கவே வேண்டாம்" என்றார்கள். அடுத்த கடைக்குப் போனால், உங்கள் உடம்புக்கு அது பெரியது, பி365 எடுங்கள், வைத்திருப்பதே தெரியாது என்கிறார்கள். கையில் பிடித்துப் பார்த்ததில் பி365இல் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் க்ளாக் 26 என்று ஒன்றைக் காட்டினார்கள், குட்டையாக, ஆனால் தடிமனாக.

உயரம் 5 அடி 5 அங்குலம், ஒல்லி, பேண்ட் சைஸ் 30. கடையில் போலோ டீஷர்ட், வெளியேதான் விட்டிருப்பேன். ஹூஸ்டன் வெயிலில் மேலே ஜாக்கெட் எல்லாம் போட முடியாது. வீட்டில் 6 வயதுப் பையன், 3 வயதுப் பெண். மனைவிக்குச் சம்மதம்தான், ஆனால் "எதை வேண்டுமானாலும் வாங்கு, வீட்டுக்குள் வந்தால் அது எங்கே இருக்கும் என்பதை முதலில் சொல்" என்கிறாள்.

சின்னதை வாங்கினால் மறைப்பது சுலபம், அதில் ஒழுங்காகச் சுட முடியுமா? பெரியதை வாங்கினால் சுட வரும், ஆனால் ஒரு மாதம் கழித்துக் கனம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்துவிடுவேனோ? பல வருஷம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

டல்லாஸ்_முருகேசன்:

தம்பி, கடைக்காரர்கள் இரண்டு பேருமே துப்பாக்கியின் நீளத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். நீளம் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பேரல், அதாவது குழல் பக்கம் பேண்டுக்குள் போய்விடுகிறது, அங்கே அரை அங்குலம் கூடினால் என்ன குறைந்தால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்? சட்டையைத் தள்ளிக்கொண்டு வெளியே புடைப்பது கைப்பிடிதான், அதிலும் அதன் அடி முனை. குனிந்து கீழ்த்தட்டில் இருக்கும் பால் கேனை எடுக்கும்போது முதுகுப் பக்கம் டீஷர்ட்டைக் குத்திக்கொண்டு நிற்பது அதுதான். அதனால் மறைப்பது பற்றி யோசிக்கும்போது பார்க்க வேண்டியது இரண்டே அளவு: கைப்பிடியின் உயரமும், ஒட்டுமொத்தத் தடிமனும்.

இப்போது நீங்கள் சொன்ன மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். க்ளாக் 19, தோட்டா அடைத்துக் கைப்பிடிக்குள் செருகும் மேகசினோடு 128 மில்லிமீட்டர் உயரம், 26 வெறும் 106. வித்தியாசம் ஒரு அங்குலத்துக்கும் குறைவு, ஆனால் அந்த 22 மில்லிமீட்டர்தான் உங்கள் சுண்டுவிரல் உட்காரும் இடம். தடிமனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, தோட்டா உள்ளே இரட்டை வரிசையாக நிற்பதால் 26ஐக் குட்டையாக்க முடிந்ததே தவிர மெலிதாக்க முடியவில்லை. பி365 உயரத்தில் 26ஐ ஒட்டி வரும், தடிமன் மட்டும் ஒரு அங்குலத்தை ஒட்டித்தான்.

26 ஏன் இப்படித் தடியாகக் குட்டையாக இருக்கிறது என்று தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதா வேண்டாமா என்பது கொஞ்சம் தெளியும். 1994இல் மத்திய அரசு போட்ட தடைச் சட்டத்தில் புதிதாக விற்கும் மேகசின்களுக்கு 10 தோட்டாதான் வரம்பு. பத்துக்கு மேல் போட முடியாதென்றால் பெரிய துப்பாக்கி எதற்கு என்று குட்டைகளுக்குச் சந்தை கிடைத்தது, 1995இல் இங்கே வந்த 26 அந்தச் சமயத்துக்குப் பொருந்திப் போனது. அந்தச் சட்டம் 2004இலேயே காலாவதி ஆகிவிட்டது, டெக்சஸில் உங்களுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. அப்புறம் 2018இல் பி365 வந்தது. அதற்கு முன்னால் மெலிதான துப்பாக்கி என்றால் 6, 7, 8 தோட்டாதான். 2012 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு, 2015 க்ளாக் 43 எல்லாம் அப்படித்தான். பி365 அதே மெலிவில் 10 தோட்டாவை அடைத்துக் காட்டியதும், அடுத்த வருஷமே ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் 11ஓடு வந்து நின்றது. இன்றைக்குப் புதிதாக வாங்குபவர் 26 வாங்க நல்ல காரணம் ஒன்றுதான்: வீட்டில் ஏற்கெனவே 19ஓ 17ஓ இருந்து, அந்த மேகசின்களை இதிலும் போட வேண்டும் என்றால். பெரியதின் மேகசின் சின்னதில் போகும், மறுபக்கம் போகாது.

என் கட்சி 19தான். தோட்டா நிரப்பினால் 850 கிராம் பக்கம் வரும், முதல் சில வாரம் தெரியும், அப்புறம் பழகிவிடும். 15 தோட்டா, நாலு அங்குல பேரல், முழுக் கையும் பிடிக்கிற பிடி. பதற்றத்தில் கை வேர்த்து நடுங்கும் நேரத்தில் மூன்று விரலும் சேர்ந்து பிடித்திருப்பதற்கும், இரண்டு விரலால் தொங்கிக்கொண்டிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானது இல்லை. சின்னத் துப்பாக்கியால் வேகமாகச் சுடுவது கட்டைக் காம்புச் சுத்தியலால் ஆணி அடிப்பது மாதிரி, அடிக்கலாம், ஆனால் ஒவ்வோர் அடிக்கும் கை வேலை கூடுதல்.

நிலா_ஆஸ்டின்:

முருகேசன் அண்ணா சொன்ன கைப்பிடி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் முடிவில் 19 என்று சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அண்ணா, உங்கள் இடுப்பு 30 இல்லை என்று நினைக்கிறேன். 30 இடுப்பில் பக்கவாட்டுச் சதையே கிடையாது. எலும்பு மேலேயே துப்பாக்கி உட்காரும், உடம்பின் வளைவு சின்னது, அதனால் தட்டையான பொருள் எதை வைத்தாலும் அதன் முனை வெளியே துருத்தும். தடிமன் கால் அங்குலம் கூடினாலும் எங்களைப் போன்ற உடம்புக்குப் பெரிய வித்தியாசம்.

நான் பி365 வைத்திருக்கிறேன், வலது இடுப்பெலும்புக்கு முன்னால், தொப்புளுக்கும் எலும்புக்கும் நடுவில். ஜீன்ஸ், வெளியே விட்ட காட்டன் டாப், அவ்வளவுதான். காலையில் வைத்தால் இரவு வரை இருக்கும். காரில் உட்காரும்போது வயிற்றில் குத்தாது, பேரல் குட்டை என்பதால் தொடையில் இடிக்காது. பிடி சின்னது என்பதும் சுடும்போது கையில் உதை கூடுதல் என்பதும் உண்மை, அதற்கு மருந்து ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகுவதுதான். சுண்டுவிரலுக்கு இடம் வேண்டும் என்றால் 12 தோட்டா மேகசின் போடலாம், ஆனால் அதைப் போட்டால் கைப்பிடி நீண்டுவிடும், அதாவது மறைக்கிற சௌகரியத்தில் கொஞ்சம் போய்விடும். அதனால் உடம்பில் இருப்பது 10, காரில் வைப்பது 12 என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் நம்மைப் பார்த்ததும் எடுத்துக் காட்டுவது எப்போதும் இருப்பதிலேயே சின்னதைத்தான். சின்னது என்றால் சுலபம் என்று நம்பிவிடாதீர்கள். பேரலுக்கு மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு சின்னது, இலேசானது, அதனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைக் கடினமாக வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கப் பெரிய துப்பாக்கியைவிடக் கூடுதல் பலம் வேண்டும். இடது கையால் இழுத்துப் பார்த்து முடியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவந்து, முனை ரேஞ்சின் இலக்குப் பக்கமே இருக்க, இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து கவ்விப் பிடித்துக்கொண்டு வலது கையை முன்னால் குத்துவது மாதிரித் தள்ளுங்கள். இழுப்பதை விடத் தள்ளுவதில் பலம் வரும். அதுவும் வரவில்லை என்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி (EZ) வகையைப் பாருங்கள், ஸ்லைடு சுலபமாக வர வேண்டும் என்றே செய்தது.

கைப்பைக்குள் வைக்காதீர்கள். பையைத்தான் முதலில் பறிப்பார்கள், பையைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தால் சின்னக் குழந்தை அதைக் குடையும். சேலை கட்டும் நாளில் நான் வைத்துக்கொள்வதே இல்லை. கொசுவத்துக்கு மேலே எதையும் உறுதியாகப் பிடித்து நிறுத்த முடியாது. அண்ணன்மார் வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போகும்போதும் அதேதான், பெல்ட் இல்லாமல் துப்பாக்கி உறை நிற்காது. அன்றைக்கு அது வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

எடிசன்_ராம்:

நான் நியூஜெர்சி. எங்களுக்கு 2018இல் வந்த சட்டப்படி 10 தோட்டாவுக்கு மேல் மேகசின் கூடாது. அதனால் இங்கே 19 வாங்கினாலும் அதில் போடுவது பத்துதான், மீதி வெற்றிடத்தைச் சுமப்பது மாதிரி. கலிஃபோர்னியா, நியூயார்க் நண்பர்களுக்கும் இதே நிலைமை. இப்படிப்பட்ட மாநிலத்தில் இருப்பவர்கள் 15 தோட்டா என்ற காரணத்தை எண்ணத்திலிருந்து எடுத்துவிட்டுப் பிடியையும் பேரலையும் மட்டும் வைத்துத் தேர்ந்தெடுங்கள். நான் க்ளாக் 43எக்ஸ் எடுத்தேன். அதன் கைப்பிடி உயரம் 19க்குச் சமம், 128 மில்லிமீட்டர், ஆனால் உடம்பு மெலிது, வந்தபடியே 10 தோட்டா. சுண்டுவிரல் முழுதாக உட்காரும்.

துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் வரை எங்கள் ஊரில் சாதாரண ஆட்களுக்குக் கேரி பெர்மிட் என்பது கனவு. டெக்சஸ்காரர்கள் எவ்வளவு சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

கேட்டிவாசி:

அண்ணா, அக்கா, ராம், மூவருக்கும் மிக்க நன்றி. கைப்பிடிதான் புடைக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, நேற்று இரவு பழைய கேலண்டர் அட்டையில் 19, 26 இரண்டின் வடிவத்தையும் வெட்டிப் பெல்ட்டுக்குள் செருகிக் கண்ணாடி முன்னால் நின்றேன். பக்கவாட்டில் வைத்தால் இரண்டுமே குத்துகின்றன, அக்கா சொன்ன மாதிரி முன்பக்கம் கொண்டுவந்தால் 19கூட ஓரளவு மறைகிறது. முன்பக்கம் வைத்தால் பேரல் எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யோசித்தால்தான் பயமாக இருக்கிறது. க்ளாக்கில் தனியாக சேஃப்டி பட்டனும் இல்லை. சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் பேரலின் பின்முனையில், தோட்டா இல்லாமல் வைத்திருந்து, தேவைப்பட்டால் ஸ்லைடை இழுத்துக்கொள்ளலாமா?

சான்ஆன்டோனியோ_ராஜா:

வார இறுதியில் ரேஞ்சில் சொல்லித் தருகிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

சேம்பரில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்லைடை இழுக்க இரண்டு கை வேண்டும். ராத்திரி உங்கள் ஒரு கையில் பணப்பை, அல்லது அந்தக் கையால் எதிராளியைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது கை கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடக்கூடாது. அதே சமயம் பயத்தோடு வைத்துக்கொள்வதும் கூடாது. என் மாணவர்களிடம் நான் சொல்வது: துப்பாக்கியைக் காலி செய்து, இரண்டு முறை சோதித்து, வெறும் துப்பாக்கியை உறையில் போட்டு வீட்டுக்குள்ளேயே சில வாரம் நடமாடுங்கள், உட்காருங்கள், குனியுங்கள், படியேறுங்கள். தினமும் கழற்றும்போது விசை தானாக இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இழுபட்டிருக்காது. ஒழுங்கான உறைக்குள் இருக்கும் துப்பாக்கி தானாக வெடிப்பதில்லை, விசையை ஏதாவது ஒன்று அழுத்தினால்தான் வெடிக்கும். அப்படியும் மனம் ஒப்பவில்லையா, கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி வைத்த பி365 இருக்கிறது, அதை வாங்கி, எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிப் பழகுங்கள்.

விசையை அழுத்தும் அந்த "ஏதாவது ஒன்று" பெரும்பாலும் எடுக்கும்போது வருவதில்லை, திருப்பிச் செருகும்போது வருகிறது. டீஷர்ட்டின் ஓரம், ஜாக்கெட்டின் நாடா, மடங்கிய விரல், இதில் ஒன்று உறைக்குள் மாட்டிக்கொண்டு விசையை அழுத்திவிடும். எனவே செருகும்போது அவசரமே இல்லை. இடது கையால் சட்டையை நெஞ்சு வரை தூக்கிப் பிடியுங்கள், விரலை நேராக நீட்டுங்கள், உறையின் வாயைக் கண்ணால் பாருங்கள், முன்பக்கம் வைப்பவர்கள் இடுப்பை முன்னால் தள்ளி மேலுடம்பைக் கொஞ்சம் பின்னால் சாயுங்கள், அப்போது பேரல் தொடையைப் பார்க்காமல் தரையைப் பார்க்கும். அதைவிடப் பாதுகாப்பானது, துப்பாக்கியை உறையிலேயே விட்டு உறையோடு சேர்த்துக் கழற்றுவது, உறையோடு சேர்த்து மாட்டுவது.

உறை என்று நான் சொல்வது கைடெக்ஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் உங்கள் மாடலுக்கென்றே வார்த்தது. விசைப் பகுதி முழுவதும் மூடியிருக்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தாலும் விழக்கூடாது. எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் துணி உறை வேண்டவே வேண்டாம். உறையின் முன்பக்கம் பெல்ட்டில் முட்டிக்கொண்டு நிற்கிற சின்னக் கொக்கி மாதிரி ஒன்று தனியாகக் கிடைக்கும், அது கைப்பிடியை உடம்புப் பக்கம் திருப்பித் தள்ளும். கீழ்ப்பக்கம் ஒரு மெத்தைத் துண்டு ஒட்டினால் அது பேரலை வெளியே தள்ளி, கைப்பிடியை வயிற்றோடு சாய்க்கும். இந்த இரண்டும் சரியாக இருந்தால், நிலா சொன்ன 30 இடுப்பிலும் 19 மறையும், சரியாக இல்லாவிட்டால் பி365கூடத் துருத்தும். ஒரு விஷயம் யாருமே சொல்வதில்லை, பேரல் மிகவும் குட்டையாக இருந்தால் துப்பாக்கியின் எடையில் பெரும்பகுதி பெல்ட்டுக்கு மேலே நிற்கும், கைப்பிடி வெளிப்பக்கம் சாயும். கொஞ்சம் நீளமான ஸ்லைடு பேண்டுக்குள் நங்கூரம் போட்டு நிற்கும். அதற்கு மேல் விறைப்பான பெல்ட் ஒன்று, பேண்ட் ஒரு சைஸ் பெரியது. 600 டாலர் துப்பாக்கியை 15 டாலர் பெல்ட்டில் மாட்டிவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

இப்போது எந்த அளவு என்பதற்கு வருகிறேன். வாங்குவதற்கு முன்னால் வாடகைத் துப்பாக்கி கொடுக்கும் ரேஞ்சுக்குப் போங்கள், ஹூஸ்டன் பக்கம் தாராளமாக இருக்கின்றன. 19, பி365, அதன் அண்ணன் பி365எக்ஸ்எல் மூன்றையும் ஒரே நாளில் எடுங்கள். எல்டிசி தேர்வு நினைவிருக்கிறதல்லவா, 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10, ஆக 50 தோட்டா, 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அதையே மூன்றிலும் சுட்டு மதிப்பெண் எழுதிக்கொள்ளுங்கள். 3 கஜத்தில் வித்தியாசம் தெரியாது. 15 கஜத்தில் குட்டைத் துப்பாக்கியில் குறிபார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி குறைவு என்பதால் சின்னத் தப்பும் தாளில் பெரிதாகத் தெரியும். பிறகு 7 கஜத்தில் ஒரு பேப்பர் தட்டை ஒட்டி ஐந்து தோட்டா வேகமாகச் சுடுங்கள். இங்கேதான் விஷயம் வெளிவரும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு பிடியை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கிறதா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் உள்ள சதை எரிகிறதா? ஒரு பெட்டி சுட்டதும் இன்னொரு பெட்டி சுட மனம் வருகிறதா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். சுடவே பிடிக்காத துப்பாக்கியை யாரும் ரேஞ்சுக்கு எடுத்துப் போவதில்லை, எடுத்துப் போகாதவருக்குக் கை பழகுவதில்லை.

தோட்டா விஷயத்திலும் பேரல் நீளம் தலையிடும். தற்காப்புக்கு ஹாலோ பாயின்ட், அதாவது முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும் குண்டு; ரேஞ்சுக்கு முனை மூடிய மலிவான குண்டு. ஹாலோ பாயின்ட் விரிவதற்கு வேகம் வேண்டும், 3 அங்குல பேரலில் அந்த வேகம் குறையும். 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ வகுத்த சோதனையில் உடல் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினுக்குள் 12லிருந்து 18 அங்குலம் போக வேண்டும் என்பது அளவுகோல். பி365 வாங்கினால் குட்டை பேரலுக்கென்றே செய்த ஸ்பியர் கோல்டு டாட், அல்லது ஃபெடரல் எச்எஸ்டி 147 கிரெயின் (குண்டின் எடை அளவு) பாருங்கள். எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்களோ அதில் இரண்டு மூன்று பெட்டியாவது உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்தபிறகுதான் இடுப்பில் வையுங்கள்.

நீங்கள் சொன்ன உடம்பு, உடை, வேலை மூன்றையும் வைத்துப் பார்த்தால் என் ஊகம் பி365எக்ஸ்எல். 12 தோட்டா, 3.7 அங்குல பேரல், முழு விரலுக்கும் இடம், தடிமன் சின்னதின் தடிமன். ரேஞ்சில் 19 உங்கள் கையில் தெளிவாக முந்தினால் என் பேச்சைக் கேட்காமல் 19ஐயே எடுங்கள்.

ஃப்ரிஸ்கோ_புதியவன்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் எச்1பியில் இருக்கிறேன். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் லைசென்ஸே தேவையில்லை என்கிறார்களே, அப்படியானால் நானும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

டல்லாஸ்_முருகேசன்:

வேண்டாம் தம்பி, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாநிலம் லைசென்ஸ் கேட்கவில்லை என்பது வேறு, மத்தியச் சட்டம் உங்களை அனுமதிக்கிறதா என்பது வேறு. எச்1பி, எச்4, எஃப்1, வருகை விசா என்று குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு ஒரு விலக்கு அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன்னால் குடியேற்றமும் துப்பாக்கிச் சட்டமும் இரண்டும் தெரிந்த வக்கீலிடம் போங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் குடியுரிமை நிலை பற்றித் தெளிவாகக் கேட்பார்கள், அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். நண்பர் பெயரில் வாங்கித் தரச் சொல்வதும் குற்றம். இத்தனை வருஷம் காத்திருந்த கிரீன் கார்டு வரிசையை ஒரு துப்பாக்கிக்காகப் பணயம் வைக்காதீர்கள். கார்டு வந்ததும் கேட்டிவாசி மாதிரி முறையாக வாங்கலாம்.

லைசென்ஸ் தேவையில்லை என்றாலும் எடுப்பது நல்லது. பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்தியச் சட்டத்திலிருந்து, லைசென்ஸ் கொடுத்த மாநிலத்துக்குள் உங்களுக்கு விலக்கு கிடைக்கும். ஹூஸ்டனிலோ டல்லாஸிலோ ஏதோ ஒரு பள்ளியைக் கடக்காமல் எங்கே போக முடியும்? பக்கத்து மாநிலங்களுக்குப் போகும்போதும் அது உதவும்.

நிலா_ஆஸ்டின்:

கேட்டிவாசி, உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, எனக்கு அதுதான் இந்தப் பேச்சிலேயே பெரிய விஷயம். 19 மாதிரிக் காம்பாக்டா, 26, பி365 மாதிரி அதைவிடச் சின்ன சப்காம்பாக்டா என்பதில் நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய தவறு நடந்துவிடாது. இதில் தவறினால் திரும்பக் கிடைக்காது.

எங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்க இரண்டே இடம். என் உடம்பு, அல்லது பூட்டிய பெட்டி. அலமாரியின் மேல்தட்டு கிடையாது, தலையணைக்கு அடியில் கிடையாது, குளிக்கப் போகும்போது "ஒரு நிமிஷம்" என்று மேசைமேல் வைப்பதும் கிடையாது. ஆறு வயதுப் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு எந்தத் தட்டையும் எட்டிவிடுவான், நீங்கள் ஒளித்து வைப்பதை அவன் எப்போதோ பார்த்திருப்பான். பெட்டி சின்னதாக இருந்தால் போதும், ஆனால் சுவரிலோ கட்டிலின் சட்டத்திலோ திருகாணி போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். விரல்ரேகைப் பூட்டு ஈரக் கையில் படுத்தும், எனக்குப் பட்டனைத் தடவிப் பார்த்து அழுத்தும் பூட்டுதான் பிடிக்கும். எண்ணை உங்கள் மனைவிக்கும் கட்டாயம் சொல்லுங்கள், அவரையும் ஒரு நாள் ரேஞ்சுக்கு அழைத்துப் போங்கள். சுடாவிட்டாலும் பரவாயில்லை, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் காலி செய்ய அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டெக்சஸ் சட்டமும் இதில் கண்டிப்பானது, 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை எடுக்கும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைத்தால் அது பெரியவர்மேல் வழக்கு.

காரிலும் ஒரு பெட்டி வேண்டும், சீட்டின் அடிச்சட்டத்தில் எஃகுக் கம்பியால் கட்டியது. கடை வாசலில் 30.06 என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பலகை வைத்திருந்தால் லைசென்ஸ் உள்ளவரும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பாரில் சிவப்பில் 51% பலகை இருந்தாலும் அப்படியே. அப்போது டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டுப் போகும் பழக்கம் வேண்டாம், இங்கே காரிலிருந்து துப்பாக்கி திருடு போவது அவ்வளவு சாதாரணம்.

வெளியில் பாத்ரூம் போகும்போதும் கவனம். பேண்டைத் தளர்த்தியதும் துப்பாக்கி கனத்தில் சாயும், உடனே எடுத்துக் கதவுக் கொக்கியில் மாட்டுவது, பேப்பர் டப்பா மேல் வைப்பது என்று ஆரம்பிப்பார்கள், அப்படியே மறந்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். உறையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். பெல்ட்டை மறுபடி மாட்டி முழங்காலுக்கு மேலே இறுக்கமாக நிறுத்துங்கள், உறையோடு அங்கேயே இருக்கட்டும்.

கேட்டிவாசி:

அக்கா, உங்கள் பதிலை மனைவிக்கு அப்படியே படித்துக் காட்டினேன். பட்டன் பூட்டுப் பெட்டியை அவளே ஆர்டர் போட்டுவிட்டாள், அது சுவரில் ஏறிய பிறகுதான் துப்பாக்கி வாங்குவது என்று முடிவு. ரேஞ்சுக்கு இருவரும் சேர்ந்து போகிறோம். 19, பி365, எக்ஸ்எல், முடிந்தால் ராம் சொன்ன 43எக்ஸும் சேர்த்துச் சுட்டுப் பார்க்கிறேன். ராஜா அண்ணா, ஒரு சந்தேகம் மட்டும்: நாள் முழுக்க வேர்வையில் இருந்தால் துரு பிடிக்குமா?

சான்ஆன்டோனியோ_ராஜா:

பிடிக்கும், முதலில் சைட் திருகிலும் மேகசின் பட்டன் ஓரத்திலும்தான் தெரியும். வாரம் ஒரு முறை காலி செய்து, எண்ணெய் தொட்ட துணியால் வெளியே துடையுங்கள், பேரலுக்குள் சேரும் பஞ்சையும் ஊதிவிடுங்கள். உள்ளே ஒரு பனியன் போட்டுக்கொண்டால் பாதி வேர்வை அதிலேயே போய்விடும், தோலிலும் உராயாது. சேம்பரில் இருக்கும் தோட்டாவை ஒவ்வொரு முறை காலி செய்யும்போதும் திரும்பத் திரும்ப அதையே ஏற்றாதீர்கள், முனையில் உள்ள குண்டு தோட்டாவின் பித்தளைக் குப்பிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழுந்திவிடும். பக்கத்தில் ஒரு புதுத் தோட்டாவை வைத்து நீளம் ஒப்பிட்டுப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அதை எந்தத் துப்பாக்கியிலும் போட்டுச் சுடாதீர்கள்.